உரையாடல் வகுப்பில் வாய்மை

ஆங்கிலம் கற்க வரும் வயதுவந்தோர்க்கு உரையாடற் பயிற்சி அளிப்பவர்கள் பெரும்பாலும் எடுத்துக்கொள்ளும் பொருள் இக்கால வாழ்க்கையே. விடுமுறையை எங்கே கழித்தீர்கள், எத்தகைய திரைப்படம் பிடிக்கும், புதிதாக வந்துள்ள கைப்பேசியைப் பற்றி என்ன கருதுகிறீர்கள் என்பன போன்ற வினாக்கள் வகுப்புதோறும் எழுகின்றன. எவர் மனத்தையும் புண்படுத்தாதவை என்று கருதியே இவற்றைத் தேர்ந்தெடுக்கின்றனர். ஒரே பாடநூலைப் பல நாடுகளில் விற்க விரும்பும் பதிப்பகத்தார் அரசியலையும் சமயத்தையும் மதுவையும் பன்றியிறைச்சியையும் விலக்கிவிடுவது அத்துறையினர் நன்கறிந்த வழக்கம். அவற்றை விலக்கியபின் எஞ்சி நிற்பவை உணவு, உடை, கடைத்தெரு, சுற்றுலா. தீங்கற்றவையாகத் தோன்றும் இப்பொருள்களுக்குள்ளும் அறம் பற்றிய சிக்கல் ஒன்று இருக்கவே செய்கிறது.

சிங்கப்பூரில் கட்டுமான வேலை செய்யும் தமிழகத் தொழிலாளி ஒருவரை எடுத்துக்காட்டாகக் கொள்க. ஞாயிறன்று ஓய்வு கிடைத்தால் வகுப்புக்கு வருகிறார். ‘சென்ற விடுமுறையை எவ்வாறு கழித்தீர்கள்?’ என்று ஆசிரியர் கேட்கிறார். விடுமுறை என்று சொல்லத்தக்க ஒன்று அவருக்கு வாய்க்கவில்லை. கிடைத்த அரை நாளில் அழுக்குத் துணிகளைத் துவைத்தார். சிராங்கூன் சாலைக்குச் சென்று வீட்டுக்குப் பணம் அனுப்பினார். மகளின் பள்ளிக் கட்டணம் குறித்து மனைவியோடு தொலைபேசியில் சற்றே சினந்தும் பேசினார். இவற்றைச் சொல்ல அவரிடம் ஆங்கிலச் சொற்கள் இல்லை. ஆனால், பக்கத்து நாற்காலியில் இருப்பவர் சொன்ன விடை காதில் நிற்கிறது. ஆதலால், ‘கடற்கரைக்குச் சென்றேன், மிகவும் மகிழ்ந்தேன்’ என்கிறார். இறந்தகால வினை பிழையின்றி அமைந்தது கண்டு ஆசிரியர் பாராட்டுகிறார். கடற்கரைக்கோ அவர் போகவே இல்லை.

இதனைப் பொய் என்பது மிகையன்றோ என்று கேட்கலாம். மேடையில் அரசனாக நடிப்பவனைப் பொய்யன் என்று எவரும் இகழ்வதில்லை. பயிற்சி வாக்கியமும் அத்தகைய நடிப்புத்தான் என்பர். அதில் ஓரளவு உண்மை உண்டு. எனினும், நாடகம் நாடகமென்பதை நடிப்பவரும் காண்பவரும் அறிந்திருக்கின்றனர். உரையாடல் வகுப்பிலோ ‘உங்கள் கருத்தைச் சொல்லுங்கள்’ என்றே கேட்கப்படுகிறது. கேட்டவர் கருத்தைக் கேளாமல் இலக்கணத்தை மட்டும் கேட்டுக்கொண்டிருக்கிறார். தன் வாழ்க்கை இம்மொழியில் பேசத் தகாத ஒன்று, கேட்போர் விரும்புவதைச் சொல்வதே இம்மொழி என்னும் பாடம் அத்தொழிலாளியின் உள்ளத்தில் பதிகிறது. அப்பாடம் வகுப்பறையோடு நின்றுவிட்டால் கவலையில்லை. சாரக்கட்டில் ஏறும்போது இடுப்பு வலித்தாலும் மேற்பார்வையாளரிடம் ‘ஓகே சார்’ என்பதும், வலி எங்கே என்று மருத்துவர் கேட்கும்போது தலையை மட்டும் ஆட்டுவதும் அதே பழக்கத்தின் நீட்சிகள்தாம்.

திருக்குறளில் வாய்மைக்கும் சொல்வன்மைக்கும் தனித்தனி அதிகாரங்கள் உண்டு. முன்னது அறத்துப்பாலில் உள்ளது. பின்னது பொருட்பாலில், அமைச்சனுக்கு வேண்டிய திறன்களோடு வைக்கப்பட்டுள்ளது. மொழிவகுப்புகள் அமைச்சனுக்குரியதைக் கற்பிக்கின்றன. மற்றொன்று மாணவரிடம் முன்னரே இருக்கும் என்று விட்டுவிடுகின்றன. இருக்கத்தான் செய்கிறது. அது வெளிவரச் சொல் வேண்டுமே!

பிரேசில் நாட்டுக் கல்வியாளர் பாவ்லோ பிரெய்ரே 1963ஆம் ஆண்டு அங்கிக்கோசு என்னும் ஊரில் சுமார் 300 தொழிலாளர்களுக்கு எழுத்தறிவித்தவர். கற்போரின் அன்றாட வாழ்விலிருந்து செங்கல், கூலி, வேலை, உணவு போன்ற சொற்களை எடுத்து, அவற்றைக் கொண்டு பேச்சையும் எழுத்தையும் ஒருங்கே தொடங்குவது அவர் முறை. அடுத்த ஆண்டே இராணுவம் ஆட்சியைக் கைப்பற்றியது. அவர் சிறையிடப்பட்டு, பின்னர் நாட்டைவிட்டு வெளியேற நேர்ந்தது. கூலி என்னும் சொல்லைச் சுற்றிப் பேச்சு எழுவது ஆள்வோர் சிலர்க்கு எவ்வளவு அச்சம் தருகிறது! அவர் கற்பித்தது கற்போரின் சொந்த மொழியிலேதான் என்பது உண்மையே. அயல்மொழி வகுப்புக்கு அம்முறையை அப்படியே பெயர்த்துவிட இயலாது. எனினும், செங்கல் சுமப்பவரிடம் செங்கலைப் பற்றி ஒருமுறையேனும் கேட்கலாம்.

இதற்கு ஒரு மறுபக்கமும் உண்டு. அதனை எளிதில் ஒதுக்கிவிட முடியாது. இங்கு வருவதற்காக முகவருக்குக் கொடுத்த பணம் கடனாக நிற்பதை எல்லார் முன்னும் சொல்ல ஒருவர் விரும்பாதிருக்கலாம். அவருக்குக் கைப்பேசி பற்றிய பேச்சு ஒரு நிழல். சற்று நேரம் துன்பத்தை மறந்திருக்க உதவும் இடம். இரக்கத்தின் பெயரால் பிறர் துயரத்தைத் தோண்டி எடுக்கும் ஆசிரியர், துயரத்தைக் காணாதிருக்கும் ஆசிரியரைவிடச் சிறந்தவர் ஆகார். நாகரிகப் பேச்சு என்னும் திரையை இடுவதும் நீக்குவதும் கற்பவரின் உரிமையாக இருத்தல் வேண்டும். ‘எனக்கு விடுமுறை இல்லை’ என்பதும், ‘அதைப் பற்றிப் பேச விரும்பவில்லை’ என்பதும் முழுமையான விடைகள். இவ்விரு வாக்கியங்களையும் முதல் வகுப்பிலேயே கற்பிப்பதற்குத் தடை ஏதும் இல்லை.

மேலும், இக்கால வாழ்க்கையை இத்தொழிலாளர்க்கு அறிமுகப்படுத்துவதாக எண்ணுவதே பிழை. 2010இல் திறக்கப்பட்ட மரினா பே சாண்ட்ஸ் போன்ற மாளிகைகளும் ஆண்டுதோறும் நீளும் எம்.ஆர்.டி. சுரங்கப்பாதைகளும் இவர்களைப் போன்றோர் கைபட்டு எழுந்தவை. கடல் கடந்த குடும்பத்தை அன்றாடம் கைப்பேசித் திரையில் கண்டு, அதன்வழியே பிள்ளை வளர்க்கும் கலையில் இவர்கள் பலர் ஆசிரியர்க்கே பாடம் சொல்லத்தக்கவர்கள். 2020ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி சிங்கப்பூர்வாசிகளுள் 48.3 விழுக்காட்டினர் வீட்டில் மிகுதியும் பேசும் மொழி ஆங்கிலம். அந்தக் கணக்கில் இத்தொழிலாளர் சேரவில்லை என்பதும் நினைக்கத்தக்கது.

ஆங்கிலத்தில் நீ என்பதற்கும் நீங்கள் என்பதற்கும் ஒரே சொல்தான். முதலாளியையும் நண்பனையும் அவ்வொன்றாலேயே அழைக்கலாம். தமிழர் அதனை எளிதில் நம்புவதில்லை. ஒவ்வொரு வாக்கியத்தின் இறுதியிலும் ‘சார்’ சேர்த்து அந்தச் சமத்துவத்தைத் திருத்திக்கொள்கின்றனர். அதில் நகைப்பதற்கு ஒன்றுமில்லை. மரியாதை அவர்கள் ஊரிலிருந்து கொண்டுவந்த பொருள். ஆயினும் சில வகுப்புகளில், விடை சொல்லி முடித்தபின் மாணவர் அமராமல் நின்று, ‘நீங்கள் ஞாயிற்றுக்கிழமை என்ன செய்தீர்கள், சார்?’ என்று திருப்பிக் கேட்பதுண்டு. பாடநூலில் அவ்வினா இல்லை. ஆசிரியர் சற்றே தயங்கி, துணி துவைத்ததைச் சொல்கிறார்.