ஆளில்லாத நேரத்தின் பதிவு

திரையை மூடிவிட்டு எழுந்து போன பிறகும் ஸ்கிரிப்ட் பின்னணியில் ஓடுகிறது. அது சொல்வதைக் கேட்க அப்போது ஆளில்லை. லாக் கோப்புதான் கேட்டு வைக்க வேண்டும்.

*

நிரலுக்கு வாய் இரண்டு. 1ஆம் வழியில் விளைவைச் சொல்லும், 2ஆம் வழியில் பிழையைச் சொல்லும். கட்டளையில் வெறும் ‘>’ போட்டால் முதல் வழி மட்டுமே கோப்புக்குப் போகும். நடந்ததை எழுதி, தவறியதை விட்டுவிட்ட பதிவை நான் நம்புவதில்லை.

*

ஆளில்லாமல் ஓடுவது ஸ்கிரிப்ட் மட்டுமல்ல. சிங்கப்பூரின் சிராங்கூன் சாலையில் பூக்கடைகள் சாத்திய பிறகும் லிட்டில் இந்தியா நிலையத்துக்கு ஓட்டுநர் இல்லாத ரயில் வந்துகொண்டிருக்கிறது. வடகிழக்குப் பாதை 2003இலிருந்தே அப்படித்தான்.

வட்டப் பாதையும் அத்தகையதே. 2016 ஆகஸ்ட் முதல் நவம்பர் வரை அங்கே ரயில்கள் திடீர் திடீரென்று அவசர பிரேக் பிடித்து நின்றன. சிக்னல் அறுந்தது தெரிந்தது, காரணம் பிடிபடவில்லை. அரசாங்கத் தொழில்நுட்ப அமைப்பின் தரவு அறிவியலாளர்களுக்குக் கிடைத்ததெல்லாம் சம்பவப் பதிவு: நாள், நேரம், இடம், ரயில் எண், திசை. நேரத்தை ஓர் அச்சிலும் இடத்தை மறு அச்சிலும் வைத்துப் புள்ளியிட்டார்கள். சிதறிக் கிடந்தவை சாய்கோடாக வரிசை கட்டின. எதிர்த்திசையில் ஏதோ ஒன்று கடந்து போகப் போக, மற்ற ரயில்கள் அடுத்தடுத்து நின்றிருக்கின்றன. பழைய காணொளிகளைப் பார்த்து அதைக் கண்டுபிடித்தார்கள்: பிவி46 என்ற ரயில். நவம்பர் 6ஆம் தேதி அதிகாலைச் சோதனை அதை உறுதிசெய்தது. 95 விழுக்காட்டுக்கு மேற்பட்ட சம்பவங்களுக்கு அந்த ஒரு ரயிலே காரணம்.

*

நின்ற ரயில்களின் எண்களை வரிவரியாக எழுதிய அந்தப் பதிவுக்கு நிறுத்தியது எது என்று தெரியாது. ஆனால் நேரத்தையும் இடத்தையும் பிசகாமல் எழுதியிருந்தது. அதுவே போதுமானதாக இருந்தது என்பதை நினைக்க நினைக்க எனக்கு வியப்பு அடங்குவதில்லை.

*

நேரம் என்றதும் இன்னொன்று. 1982 ஜனவரி 1 முதல் சிங்கப்பூர் உலகப் பொது நேரத்துக்கு 8 மணிநேரம் முன்னால் இருக்கிறது. சர்வர்களோ பெரும்பாலும் பொது நேரத்திலேயே எழுதும். எந்த நேரம் என்ற குறிப்பில்லாத வரியில் இரவு எது, பகல் எது?

*

கோப்புக்கு எழுதும்போது பல நிரல்கள் வரிகளைச் சேர்த்துவைத்து மொத்தமாகக் கொட்டும். நடுவில் செத்தால் கடைசி வரிகள் போயே போய்விடும். நமக்கு வேண்டியது பெரும்பாலும் அந்தக் கடைசி வரிகள்தான்.

*

இன்றிரவு எதையாவது பின்னணியில் ஓட விடுகிறவர்கள் லாக் கோப்பின் பெயருக்குப் பின்னால் 2>&1 சேருங்கள். பிழைகளும் அதே கோப்புக்குப் போகும். முன்னால் போட்டால் போகாது. கட்டளையை வாங்கும் ஷெல் அதை இடமிருந்து வலமாகத்தான் படிக்கும்.