தானாக விழுந்தவர்கள்

ஒரகடத்தில் நான் வேலை பார்த்த உதிரிபாகத் தொழிற்சாலையில் ஸ்டாஃப் பஸ் மாலை 6.15-க்குக் கிளம்பிவிடும். ஐகிடோ என்னும் ஜப்பானியத் தற்காப்புக் கலைக்கான எங்கள் வகுப்பு 5.10-க்குத் தொடங்கி 6 மணிக்கு முடிந்தாக வேண்டும். செவ்வாய், வியாழன். இடம், கேன்டீனை ஒட்டிய பயிற்சிக் கூடம். மேசைகளைச் சுவரோரம் தள்ளிவிட்டு, டைல்ஸ் தரையில் ரப்பர் பாய்களைப் பல்லோடு பல் கோத்து விரிப்போம். மதியச் சாம்பார் வாசம் அதற்குள் போயிருக்காது. அந்த வாசத்திலேயே மண்டியிட்டு, குனிந்து, 'ஒனேகாய்ஷிமாஸ்' என்போம்.

கம்பெனி என்னை மூன்று வருடம் நகோயாவில் வைத்திருந்தது. அங்கே விடுதிக்குப் பக்கத்தில் இருந்த விளையாட்டு அரங்கில் கற்று, முதல் டான் கறுப்புப் பட்டை வாங்கிவந்தவன் நான். சொல்லிக்கொடுக்க அது போதாது என்பது அப்போது உறைக்கவில்லை.

முதல் மாதம் முழுக்க விழத்தான் கற்றுக்கொடுத்தேன். உகெமி என்பார்கள். மோவாயை நெஞ்சோடு ஒட்டிக்கொண்டு, முதுகை வளைத்துப் பின்னால் உருள வேண்டும். தலை தரையில் படக் கூடாது. முன்னால் உருண்டால் ஒரு தோளில் தொடங்கி முதுகுக்குக் குறுக்காகப் போய் எதிர்ப்பக்க இடுப்பில் முடிய வேண்டும். என் இன்ஜினியர்கள் பலகை சரிந்ததுபோல் விழுந்தார்கள். ஒழுங்காக முதலில் உருண்டவர் கணக்குப் பிரிவு அம்மாதான். பிள்ளைகள் தூங்கிய பிறகு வீட்டு மெத்தையில் பழகினாராம்.

ஐகிடோவில் பெரும்பாலான பள்ளிகளில் போட்டி கிடையாது. இருவர் ஜோடி சேர்வார்கள். ஒருவர் பிடிப்பார், மற்றவர் சாய்ப்பார். நான்கு முறை ஆனதும் மாற்றிக்கொள்வார்கள். பிடிக்கிறவர் நிஜமாகப் பிடித்தால்தான் சாய்க்கிறவருக்குப் பாடம். ஜெயித்தவர், தோற்றவர் என்று எழுதிவைக்க ஆள் இல்லாத இடத்தில் அந்தப் பிடி ஒன்றுதான் தராசு.

வேலை பார்க்கும் இடத்தோடு இந்தக் கலைக்குப் பழைய உறவு உண்டு. நிறுவனர் மொரிஹேய் உயேஷிபாவின் மகன் கிஷோமாரு, இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய வறுமையில் ஒரு பங்கு வர்த்தக நிறுவனத்தில் வேலை பார்த்துக்கொண்டே டோக்கியோ டோஜோவை, அதாவது பயிற்சிக் கூடத்தை, காப்பாற்றினார். கோஸோ ஷியோடா 1955-இல் யோஷின்கான் பள்ளியைத் தொடங்குவதற்கு முன்பு நிப்பான் கோக்கான் எஃகு நிறுவனத்தின் காவலர்களுக்குக் கற்றுக்கொடுத்தார். தொழிற்சங்கப் போராட்டங்கள் கொதித்த காலம் அது. கையை யாராவது பிடித்தால் என்ன செய்வது என்பது அந்தக் காவலர்களுக்குப் பிழைப்பு. எங்களுக்கு அது சாயங்கால உடற்பயிற்சி.

வகுப்பில் எட்டுப் பேர். அவர்களில் ஐந்து பேரின் லீவு லெட்டரில் கையெழுத்துப் போடுபவன் நான். நகோயாவில் ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவரை மூன்று வருடத்தில் ஒரு தடவைகூட என்னால் சுத்தமாகச் சாய்க்க முடிந்ததில்லை. ஒரகடத்திலோ எல்லோரும் பறந்தார்கள். கற்றுக்கொடுக்கக் கொடுக்கக் கலை கூடும் என்று யாரோ சொன்னதை நம்பி நானும் பூரித்துப்போனேன். மார்ச் மாதம், அப்ரைசல் நேரத்தில், என் கலை உச்சத்துக்குப் போனது. ஒரு ட்ரெய்னி நான் இடுப்பைத் திருப்புவதற்கு முன்பே பாயில் இருந்தான். ஒருநாள் பிளான்ட் ஹெட் எட்டிப்பார்த்தார். விளையாட்டாகக் கையை நீட்டினார். இரண்டு பேர் விழுந்தார்கள். அவருக்கு ஒரே சந்தோஷம். நானும் சிரித்தேன்.

தினமும் 6 மணிக்குக் கூடத்தைப் பூட்ட செக்யூரிட்டி அண்ணன் சாவிக்கொத்தோடு வந்து நிற்பார். ஒப்பந்த ஆள். செய்யாறு பக்கம் அரிசி ஆலையில் பல வருடம் மூட்டை தூக்கியவர். ஒரு வியாழக்கிழமை ஆள் குறைந்திருந்தது. "அண்ணே, சும்மா வாங்க, என் கையைப் பிடிங்க" என்றேன். ஷூவைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு வந்தார். என் மணிக்கட்டைப் பிடித்தார்.

நான் திருப்பினேன். கை வரவில்லை. இழுத்தேன். தோள்தான் வலித்தது. சுற்றி நின்றவர்கள் மூச்சு விடாமல் பார்த்தார்கள். அவருக்கே சங்கடமாகிவிட்டது.

"தப்பா சார்? புடின்னீங்க. புடிச்சிட்டேன்."

"தப்பில்ல அண்ணே. விட்டுடாதீங்க."

பிடிபட்ட கையை அப்படியே விட்டுவிட்டேன். காலை நகர்த்தி, இடுப்பைத் திருப்பி அவர் பக்கத்திலேயே போய் நின்றேன். இப்போது இருவரும் ஒரே திசையைப் பார்த்துக்கொண்டிருந்தோம். அவர் பிடி தானாக இளகியது. 'டென்கான்' என்று நூறு தடவை நான் சொல்லிக்கொடுத்திருந்த அடி அது. அந்தக் கூடத்தில் அதை முதல் முறையாகச் செய்தேன்.

பஸ்ஸில் வீடு திரும்பும்போது மணிக்கட்டில் நான்கு விரலின் சிவப்புத் தடம் இருந்தது. என்னைக் கண்டு பயப்படாத ஒருவர் பிடித்தபோதுதான் என்னிடம் என்ன இருக்கிறது என்பது எனக்குத் தெரிந்தது. அதுவரை நான் காட்டியது ஐகிடோவே இல்லை, என் பதவி. மரியாதைக்காக விழுந்தவர்கள் என்னை ஏமாற்றினார்கள் என்று சொல்ல மாட்டேன். கேட்காமலே கிடைத்ததை வாங்கி வைத்துக்கொண்டவன் நான். அவர்களுக்கும் அதில் நஷ்டம்: சாய்க்கப்படாமலே விழுகிற உடம்பு, நிஜமாகச் சாய்க்கப்படும் நாளில் விழத் தெரியாமல் நிற்கும்.

அதன்பின் வகுப்பில் ஒரே ஒரு விதி வைத்தேன். நான் சாய்க்காவிட்டால் நீங்கள் விழக் கூடாது. அந்த ட்ரெய்னி என் கையை ஒழுங்காகப் பிடிக்க நான்கு மாதம் ஆயிற்று. பிடித்த அன்று அவன் கை நடுங்கியது. நானும் அவனைச் சாய்க்க முடியாமல் நின்றேன். கணக்குப் பிரிவு அம்மா கைதட்டினார்.

செக்யூரிட்டி அண்ணனை வகுப்பில் சேர்க்க எச்.ஆரில் கேட்டேன். கிளப் நிரந்தரப் பணியாளர்களுக்கு மட்டும் என்றார்கள். சரி என்று எழுந்து வந்துவிட்டேன். எதிர்த்து ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். என்னை யாரும் சாய்க்கவில்லை, நானே விழுந்தேன்.

2020 மார்ச்சில் பாய்களைக் கழற்றி அடுக்கினோம். மறுபடி விரிக்கவில்லை. வருகைப் பதிவேடு இப்போது என் வீட்டு அலமாரியில் இருக்கிறது. அதில், வந்துபோனவர்களையும் சேர்த்து, பதினோரு பெயர்கள். அவர் பெயர் இல்லை.