பாடலுக்குள் நிற்கும் பெண்

கிரேக்கர் போற்றிய கலைத் தெய்வங்களான மியூசுகள் தாமே பாடுபவர்கள். ஹோமரின் காவியத்தில் தெய்வம் பாட, கவிஞன் கேட்டு உரைப்பவனாகவே நிற்கிறான். 20-ஆம் நூற்றாண்டின் ராக் இசை இவ்வுறவைத் தலைகீழாக்கிற்று. பாடுபவன் கலைஞன், மியூஸ் எனப் புகழப்பெறுபவளோ வாய் திறவாத ஓர் அழகிய முகம். அம்முகத்தைப் பலவேளை ஆடை விளம்பர உலகமே தந்தது. ஒருவரைப் பாடுவது அவரை அன்பு செய்வதாகுமா?

இலண்டனின் மாடல் அழகி பேட்டி பாய்டின் வாழ்வு இவ்வினாவுக்குத் தக்க களம். 1964-இல் பீட்டில்ஸ் குழுவினரின் முதல் திரைப்படத்தில் சிறு வேடமேற்ற அவர், ஜார்ஜ் ஹாரிசனைச் சந்தித்து 1966-இல் மணந்தார். 1969-இல் வெளியான 'சம்திங்' பாடல் தம்மைக் குறித்ததென ஹாரிசனே சொன்னதாகப் பாய்டு எழுதியுள்ளார். பின்னாளில் ஹாரிசனோ, அதை இயற்றுகையில் பாடகர் ரே சார்ல்ஸையே எண்ணியதாகக் கூறினார். எது மெய் என ஆராய்வதில் பயனில்லை. பாடப்பெற்றவளின் இடம் பாடியவனின் ஒரு சொல்லால் இப்படி அசைந்துவிடுகிறதே!

ஹாரிசனின் நெருங்கிய நண்பர் எரிக் கிளாப்டன் அவர்மீது கொண்ட வேட்கையே 1970-இல் 'லைலா' ஆயிற்று. பெயர், 12-ஆம் நூற்றாண்டுப் பாரசீகக் கவி நிஜாமியின் காவியத்திலிருந்து பெற்றது. நம் அகத்திணை மரபும் தலைவியின் பெயரைச் சுட்டாது. ஆனால் அங்கே பெயரின்மை காதலை எல்லார்க்கும் பொதுவாக்குகிறது. இங்கோ பிறன்மனை விழைதலுக்கு மெல்லிய திரையாயிற்று.

1977-இல் பாய்டு மணமுறிவு பெற்று, 1979-இல் கிளாப்டனை மணந்தார். அதற்கு முன்பே, 1976-இல் ஒரு மாலை, விருந்துக்குப் புறப்பட அவர் ஒப்பனை முடிக்கக் காத்திருந்த பொழுதில், 'வொண்டர்ஃபுல் டுநைட்' பிறந்தது. கனிவான பாடல்தான். எனினும் அவ்வீட்டில் மதுவும் துரோகமும் குடியிருந்தன என்பதை 2007-இல் வெளியான இருவரின் தன்வரலாறுகளும் சொல்கின்றன. 1989-இல் அம்மணமும் முறிந்தது.

பாடல் பொய்யா? அல்ல, அக்கணத்தில் மெய். தாந்தே பெயத்ரிசை விண்ணகம்வரை உயர்த்தினார். தம் பிள்ளைகளைப் பெற்ற மனைவி ஜெம்மாவைத் தம் நூல்களில் பெயர் சொல்லிக் குறிக்கவேயில்லை. ஜெம்மா காவியத்துக்கு உதவாதவர், அன்றாடத்தில் உடனிருந்தவர். பின்னாளில் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுலாக விளங்கிய கரோல் வொய்த்திவா, 1960-இல் எழுதிய 'அன்பும் பொறுப்பும்' நூலில், ஒருவரைப் பயன்படுத்துவதையே அன்புக்கு எதிர்நிலையாக வைத்து ஆராய்கிறார். கலைக்காகப் பயன்படுத்துவது மென்மையான பயன்பாடு. ஆயினும் பயன்பாடே என்பது என் துணிபு. பாடப்பெற்றவருக்கு அது இன்பமளிக்கலாம், புண்ணை ஆற்றுவதில்லை.

பாய்டு நெடுங்காலமாகவே புகைப்படக் கலைஞரும்கூட. தாம் எடுத்த படங்களை 2005-இல் சான்பிரான்சிஸ்கோவில் காட்சிக்கு வைத்தார். அதன் தலைப்பு 'ஒரு மியூசின் கண்கள் வழியே'. 2024 மார்ச்சில், கிளாப்டன் தமக்கு எழுதிய காதல் மடல்களையும், 'லைலா' இசைத்தட்டின் மேலுறையில் இடம்பெற்ற ஓவியத்தையும் கிறிஸ்டீஸ் ஏலத்தில் விற்றார். ஓவியம் மட்டும் ஏறக்குறைய 20 இலட்சம் பவுனுக்குப் போயிற்று. அந்தரங்க மடல்களை விற்கலாமா எனச் சிலர் முகம் சுளிக்கலாம். அந்த அந்தரங்கத்தை முதலில் இசைத்தட்டாக்கி உலகுக்கு விற்றவர் பாய்டு அல்லர்.