அந்த இரும்புக் கட்டி

தெரியாத பொருள் வீட்டில் அகப்பட்டால் உடனே "செய்வினை" என்கிறோமே, அது விசுவாசமா, பயமா?

நம் சபை சகோதரி ஒருவருக்கு, மாமனாருடைய மளிகைக்கடைப் பழஞ்சாமான்களை ஒதுக்கும்போது கனத்த இரும்புக் கட்டி ஒன்று கிடைத்தது. அடியிலே ஒரு குழி. "தகடு வெச்ச குழிதான் பாஸ்டர், கிணத்துல போட்டுடலாம்"னு வீடே கலங்கிப்போச்சு. (அந்தக் கிணற்றில்தான் நாலு வீடு தண்ணீர் எடுக்குது!)

தராசில் வைத்தேன்: 1 கிலோ 350 கிராம். அது வீசைக்கல். ஒரு வீசை 40 பலம், அதாவது சுமார் 1 கிலோ 400 கிராம். இரும்பு எடைக்கல்லின் குழியில் ஈயம் அடைத்துத்தான் எடையைச் சரிசெய்வார்கள். 1956-ல் சட்டம் வந்து கிலோ வழக்கமான பிறகு மூலையில் கிடந்திருக்கிறது.

பிசாசு பயம் போயிற்று. சகோதரிக்கு வேறே பாரம் வந்தது. ஈயம் இல்லாததால் 50 கிராம் குறைகிறதே! "மாமா குறைச்சு நிறுத்துக் கொடுத்தாரோ?" உபாகமம் 25-ல் கர்த்தர் வெறுக்கிற நிறைகல் இதுதானோ என்று அழுதார்கள். ஈயம் எப்போ விழுந்ததென்று கல் சொல்லாது. மரித்தவரைக் குற்றவாளியாக்க நமக்கு உத்தரவும் இல்லை. ஆனால் இனி அதில் யாரும் எதையும் நிறுக்கக் கூடாது. காயலான் கடைக்குப் போட்டால் யார் கைக்குப் போகுமோ? அதனால் அது இப்போ அவர்கள் வாசற்கதவு காற்றில் அடிக்காமல் முட்டுக்கொடுத்து நிற்கிறது.