ஒவ்வொரு பந்தாக

ஷட்டர் இறங்குகிறது. சற்றுத் தள்ளி இன்னொன்று.

கோலாலம்பூரின் ஜாலான் மஸ்ஜித் இந்தியா கடை கடையாக அடங்குகிறது.

மாடி அறை. மேசை விசிறி. மடிக்கணினி. கிளாஸில் தே ஓ, பாலில்லாத் தேநீர்.

*

திரையில் பச்சைத் திடல். நான்கு தளங்கள். ஒன்றிலிருந்து அடுத்ததற்கு 90 அடி. நடுவில் ஒரு சிறு மேடு. மேட்டில் ஒருவன், பந்தோடு நிற்கிறான்.

*

பேஸ்பால். இந்தத் தெருவில் யாரும் ஆடாத ஆட்டம்.

பள்ளியில் ரவுண்டர்ஸ் ஆடிய நினைவு மட்டும் இருக்கிறது. வெறுங்காலில் ஓட்டம். திடலின் சூடு.

உள்ளங்கால் இன்னும் அதை மறக்கவில்லை.

*

'அவுட் ஆஃப் தி பார்க் பேஸ்பால்.' ஒரு கணினி விளையாட்டு. தொடங்கியவர் ஜெர்மனிக்காரர், மார்கஸ் ஹைன்சோன்.

இதில் மட்டையைச் சுழற்ற வேண்டாம். பந்தை வீச வேண்டாம். நமக்கு நிர்வாகியின் இருக்கை. யாரை இறக்குவது, யாரை எடுப்பது, எப்போது ஓடச் சொல்வது. அவ்வளவுதான் நம் கையில்.

மற்றதை எண்கள் பார்த்துக்கொள்கின்றன.

*

கற்பனை லீக் அமைக்கலாம். ஊர்களை நாமே வைக்கலாம். ஈப்போ. தைப்பிங். சிரம்பான். மூவார்.

என் அணி கிள்ளான்.

ஒரு பருவத்துக்கு 162 ஆட்டம். அமெரிக்காவில் ஆடும் அதே கணக்கு.

*

ஒரு பொத்தான் இருக்கிறது. அழுத்தினால் ஒரு நாள் ஓடுகிறது. இன்னொன்று, ஒரு வாரம். இன்னொன்று, பருவம் முழுவதும்.

தே ஓ ஆறுவதற்குள் 162 ஆட்டமும் முடிந்துவிடுகிறது. அட்டவணை வந்து நிற்கிறது. கிள்ளான், நான்காம் இடம்.

ஒருவன் ஓடியதைக்கூட நான் பார்க்கவில்லை.

*

இந்தப் பருவம் அந்தப் பொத்தானைத் தொடுவதில்லை.

ஒவ்வோர் ஆட்டத்தையும் திறக்கிறேன். ஒவ்வொரு பந்தாக.

பந்து வருகிறது. ஒரு வரி எழுந்து நிற்கிறது. ஸ்ட்ரைக். பிறகு ஒன்றும் நடப்பதில்லை. விரல் அசையும்வரை ஆட்டம் அசையாது.

*

முதல் இரவு. இரண்டாவது இன்னிங்ஸிலேயே விரல் தாண்டப் பார்க்கிறது.

விரலைப் பார்க்கிறேன்.

மேசை விசிறி இந்தப் பக்கம் திரும்புகிறது. அந்தப் பக்கம் போகிறது.

*

கீழே கடையில் ஒரு சேலைக்கு ஃபால்ஸ் தைக்கிறார்கள். நாளைக் காலை கொடுக்க வேண்டுமாம்.

ஊசி உள்ளே போகிறது. நூல் பின்தொடர்கிறது. சேலையின் வெளிப்பக்கத்தில் தையல் தெரியக் கூடாது.

பேஸ்பால் பந்தில் தையல் தெரியும். சிவப்பு நூல். இரண்டு தோல் துண்டுகள், 108 இரட்டைத் தையல். அமெரிக்கப் பெரிய லீக்கின் பந்துகளைக் கோஸ்டாரிக்காவின் துரியால்பா என்ற ஊரில் கையால் தைக்கிறார்கள்.

அந்தத் தையல் மேட்டில் விரலை வைத்தே வீச்சாளன் பந்தை வளைக்கிறான்.

*

பூக்கடையில் ஜப மாலை தொங்குகிறது. 108 மணி.

பள்ளிவாசல் பக்கம் தஸ்பீஹ். 33 மணி, 99 மணி.

விரல் ஒரு மணியை விட்டு அடுத்ததற்கு வருகிறது.

*

பால். ஒன்று, பூஜ்யம்.

ஸ்ட்ரைக். ஒன்று, ஒன்று.

ஃபவுல். ஒன்று, இரண்டு.

ஃபவுல். மாற்றமில்லை.

ஃபவுல். மாற்றமில்லை.

பால். இரண்டு, இரண்டு.

ஃபவுல்.

மூன்று ஸ்ட்ரைக்கில் வெளியே. நான்கு பாலில் நடந்தே முதல் தளம். இரண்டு ஸ்ட்ரைக் ஆனபிறகு எத்தனை ஃபவுல் அடித்தாலும் நிற்கலாம்.

தெருவில் ஒரு மோட்டார் சைக்கிள் போகிறது. சத்தம் தேயும்வரை அடுத்த பந்தைக் கேட்கவில்லை.

*

கடைத் தம்பி மேலே வருகிறான். ராமநாதபுரத்துக்காரன். வேலை முடிந்து குளித்த ஈரம் தலையில்.

"இது கிரிக்கெட்டாண்ணே?"

"இல்லப்பா. பேஸ்பால்."

"எத்தன ஓவர்?"

"ஓவர் கிடையாது."

"அப்ப எப்ப முடியும்?"

"ஒவ்வொரு டீமுக்கும் 27 அவுட் விழணும்."

கொஞ்ச நேரம் திரையைப் பார்க்கிறான். மணியைப் பார்க்கவில்லை.

*

அவன் ஊரில் புத்தக கிரிக்கெட் ஆடுவார்களாம். பாடப் புத்தகத்தை எங்காவது பிரிக்க வேண்டும். பக்க எண்ணின் கடைசி இலக்கம்தான் ரன். பூஜ்யம் வந்தால் அவுட்.

"நோட்டுல ஸ்கோர் எழுதுவோம்ணே. பெரிய பெரிய டீமெல்லாம் எங்க நோட்டுல தோத்திருக்கு."

அதுவும் இதே விளையாட்டுதான். ஒரு புத்தகம். ஒரு பென்சில். உள்ளே ஒரு மைதானம்.

*

1961இல் ஹால் ரிச்மன் 'ஸ்ட்ராட்-ஓ-மேடிக்' என்ற பேஸ்பால் மேசை விளையாட்டைக் கொண்டுவருகிறார். ஒவ்வோர் ஆட்டக்காரனுக்கும் ஓர் அட்டை. பகடை உருள்கிறது. அட்டையில் விரல் தேடுகிறது. பந்து எங்கே போனது என்று தெரிகிறது.

அதில் ஓர் ஆட்டத்தைக் கடக்க ஓர் ஆட்டத்தை ஆடித்தான் ஆக வேண்டும்.

*

என் அணியில் ஒரு வீச்சாளன். வயது 38.

போன பருவத்து அட்டவணையில் அவன் சராசரி 5.40. ஒன்பது இன்னிங்ஸ் வீசினால் ஐந்தரைக்குச் சற்றுக் குறைவாக ஓட்டம் விடுகிறான். அனுப்பிவிடலாம் என்று இருந்தேன்.

இப்போது அவன் வீசுவதைப் பார்க்கிறேன்.

முதல் இன்னிங்ஸ், சுத்தம். இரண்டு, சுத்தம். மூன்றில் ஒரு அடி. நான்கு. ஐந்து. 71 பந்து. ஓட்டம் இல்லை.

ஆறாவதில் ஒரு நடை. 84ஆம் பந்து. இன்னொரு நடை. 91ஆம் பந்து சுவரில் மோதுகிறது.

அடுத்த முறையும் அதே. ஐந்துவரை நிற்கிறான். ஆறில் சாய்கிறான்.

5.40 பொய் சொல்லவில்லை. எப்போது என்று மட்டும் அது சொல்லவில்லை.

*

மாற்று வீச்சாளர்கள் காத்திருக்கும் இடம், புல்பென்.

அவசரம் வந்தபிறகு கூப்பிட்டால் கை சூடாகியிருக்காது. சில பந்துகள் வீசிப் பார்த்துத்தான் வர முடியும். வெகு முன்னால் எழுப்பினால் வீணாகச் சோர்ந்துபோவான்.

இதைக் கற்றுக்கொள்ள ஒன்பது ஆட்டம் ஆனது.

நான்காவது இன்னிங்ஸ் முடியும்போது உடம்பில் ஏதோ லேசாக நிமிர்கிறது. அப்போதே ஒருவனை எழுப்புகிறேன்.

*

சனிக்கிழமை. லோரோங் துவாங்கு அப்துல் ரஹ்மானில் இரவுச் சந்தை. சாத்தே புகை ஜன்னல்வரை வருகிறது. யாரோ சத்தமாக விலை சொல்கிறார்கள். 10 வெள்ளி, 10 வெள்ளி.

ஆட்டத்தின் ஒலியை அணைத்துவிட்டேன்.

சந்தையின் இரைச்சலே அரங்கத்தின் இரைச்சலாகிறது. பிறகு அதுவும் இல்லை. வெறும் இரைச்சல்.

*

1959, மே 26. பிட்ஸ்பர்க் அணியின் ஹார்வி ஹாடிக்ஸ் வீசுகிறார். 12 இன்னிங்ஸ். 36 பேர் வருகிறார்கள். ஒருவர்கூடத் தளத்தை எட்டவில்லை. அவர் அணியும் ஓட்டம் எடுக்கவில்லை.

13ஆம் இன்னிங்ஸில் தோற்கிறார். 1–0.

பெயருக்கு நேரே ஒரு தோல்வி.

*

2024, ஆகஸ்ட் 23. இந்தத் தெரு. காலை. நடைபாதை உள்வாங்குகிறது. 8 மீட்டர் ஆழம். நடந்துபோன ஒரு பெண்.

ஒன்பது நாள் தேடுகிறார்கள்.

இப்போது அந்த இடத்தைக் கடக்கும்போது கால் மெதுவாகிறது. நான் சொல்வதில்லை. அதுவாக.

*

விசிறி. திரை. தே ஓவின் அடியில் கரையாத சர்க்கரை.

*

ஞாயிறு மாலை. மெர்டேக்கா சதுக்கம்வரை நடை. ஒரு காலத்தில் கிரிக்கெட் ஆடிய திடல். பாடாங் என்பார்கள். பக்கத்தில் 1884இல் தொடங்கிய சிலாங்கூர் கிளப்.

புல் இருக்கிறது. கொடிக் கம்பம் இருக்கிறது. ஒரு குழந்தை குமிழி ஊதுகிறது.

எந்த ஆட்டமும் நடக்கவில்லை. ஆனாலும் நின்று பார்க்கத் தோன்றுகிறது.

*

2023 முதல் அமெரிக்கப் பெரிய லீக்கில் வீச்சாளனுக்கு ஒரு கடிகாரம். தளங்களில் யாரும் இல்லையென்றால் 15 விநாடிக்குள் வீசத் தொடங்க வேண்டும்.

என் திரையில் அது என்னை அவசரப்படுத்துவதில்லை.

ஒரு பந்துக்கும் அடுத்த பந்துக்கும் நடுவில் ஒரு மூச்சு. சில நேரம் இரண்டு. சில நேரம் எண்ணவில்லை.

*

விடியலுக்கு முன் பாங்கு. 1863இல் இந்திய முஸ்லிம்கள் தொடங்கிய பள்ளிவாசல். முதலில் மரக் கட்டடம். குரல் சுவர்களில் பட்டு, தெருவில் இறங்கி, நின்றுவிடுகிறது.

நின்ற பிறகும் கொஞ்ச நேரம் காது அங்கேயே இருக்கிறது.

பூக்கடை அக்கா மல்லிகை கட்டத் தொடங்கிவிட்டார். இரண்டு பூ, ஒரு சுற்று, ஒரு இழுப்பு. இரண்டு பூ, ஒரு சுற்று, ஒரு இழுப்பு.

முழத்தை அவர் இன்னும் அளக்கவில்லை.

*

இரவு. மூவாருக்கு எதிரான ஆட்டம்.

அந்த 38 வயதுக்காரன் மேட்டில். ஐந்து இன்னிங்ஸ். ஒரே ஓட்டம். 74 பந்து. மாற்று வீச்சாளன் தயாராக நிற்கிறான்.

மாற்றும் பொத்தான்மேல் விரல்.

இன்னும் ஒரே ஒரு ஆளுக்கு விட்டுப் பார்க்கலாம் என்று ஒரு எண்ணம் வருகிறது. அதைப் பார்க்கிறேன். அது இருக்கிறது. பிறகு இல்லை.

அழுத்துகிறேன். அவன் மேட்டிலிருந்து இறங்கி நடக்கிறான். திரையில் அது ஒரு வரி.

வாசிக்கிறேன். திரும்ப வாசிக்கிறேன்.

*

தம்பி கட்டிலோரம் உட்கார்ந்தபடியே தூங்கிவிட்டான். கையில் கைப்பேசி. வெளிச்சம் தானாக அணைகிறது.

*

ஒன்பதாவது இன்னிங்ஸ். இரண்டு அவுட். இரண்டாம் தளத்தில் கிள்ளான் ஆள் ஒருவன்.

பால்.

ஃபவுல்.

உயரப் போகிறது. வலது திடல். அங்கே ஒருவன் பின்னால் நகர்கிறான். இன்னும் நகர்கிறான்.

பிடித்துவிட்டான்.

*

கிள்ளான் தோற்றது. 3–2.

இது 37ஆம் ஆட்டம். மீதி 125.