விதி தன் பொருளைத் தானே சொல்லுமா?

விரிதாளில் ஃபார்முலா எழுதும் கருவியை ஏஐ ஏஜென்ட் ஒன்றிடம் ஒப்படைக்கும்போது கருவியோடு ஒரு குறிப்பும் போகிறது. கருவியின் பெயர், அது செய்யும் வேலை, அதற்குத் தர வேண்டிய விவரங்கள், அது திருப்பித் தரும் விடை ஆகியவை அதில் இருக்கும். 2024 நவம்பரில் வெளியான மாடல் கான்டெக்ஸ்ட் புரோட்டோகால் போன்ற ஏற்பாடுகளில் ஏஜென்ட் ஒரு கருவியை அறிந்துகொள்வது பெரும்பாலும் இந்தக் குறிப்பின் வழியாகத்தான். அலுவலகத்தில் வேலை செய்பவர் கையேட்டைத் திறக்காமலே பக்கத்து மேசைக்காரரைக் கேட்டுத் தெரிந்துகொள்வார். ஏஜென்ட்டுக்கு அந்த வசதி இல்லை. குறிப்பை எழுதியவரும் அருகில் இல்லை. இதனால் கையேடு எழுதும் வேலைக்குள் பழைய தத்துவக் கேள்வி ஒன்று வந்துவிடுகிறது: ஒரு விதியைச் சொற்களில் எழுதிவிட்டால், அதைப் பின்பற்றும் முறையும் அந்தச் சொற்களுக்குள் அடங்கிவிடுமா?

அடங்காது என்பதற்கான வலுவான வாதத்தைத் தத்துவ அறிஞர் லுட்விக் விட்கென்ஸ்டைன் முன்வைத்தார். அவர் மறைந்தபின் 1953இல் வெளிவந்த ‘தத்துவ ஆய்வுகள்’ நூலில் ஒரு மாணவன் வருகிறான். இரண்டிரண்டாகக் கூட்டிக்கொண்டே போகச் சொன்னால், 1000 வரை சரியாக எழுதுகிறான். அதைத் தாண்டியதும் 1004, 1008, 1012 என்று தொடர்கிறான். தவறு என்று சொன்னால், முன்பு செய்ததைத்தானே இப்போதும் செய்கிறேன் என்கிறான். அவனைத் திருத்த இன்னொரு விதியைச் சொல்லலாம். அந்த விதியையும் அவன் வேறு விதமாக எடுத்துக்கொள்ளலாம். விளக்கத்துக்கு விளக்கம் என்று போனால் முடிவே இல்லை. ஒரு விதியை ‘இப்படித்தான்’ என்று நிலைநிறுத்துவது, அதைக் கையாளும் மக்களின் வழக்கமும் பயிற்சியுமே என்ற முடிவுக்கு விட்கென்ஸ்டைன் வருகிறார்.

விரிதாளிலேயே இதற்குச் சான்று உண்டு. எக்செலில் =-2^2 என்று எழுதினால் விடை 4. பள்ளிக் கணிதத்தின் வழக்கப்படியும் பைத்தான் மொழியிலும் அதே கணக்குக்கு விடை -4. கழித்தல் குறியை முதலில் சேர்ப்பதா, வர்க்கத்தை முதலில் எடுப்பதா என்பதை அந்தக் குறிகள் தாமாகச் சொல்வதில்லை. பைத்தானில் பழகிய ஏஜென்ட், எக்செலின் வழக்கத்தை யாராவது எழுதி வைக்காதவரை, தன் பழக்கத்தின்படியே போகும்.

கேட்டுத் தெளிய ஆசிரியர் இல்லாத நூலை எப்படிப் படிப்பது என்பதை நெடுங்காலம் ஆராய்ந்த மரபு மீமாம்சை. வேதம் எவராலும் இயற்றப்படாதது என்பது அதன் கொள்கை. ஆகவே சொன்னவரின் உள்ளக்கருத்தைத் தேடும் வழி அங்கே அடைபட்டிருக்கிறது. வாக்கியத்தைக் கொண்டுதான் பொருளை முடிவுசெய்ய வேண்டும். மீமாம்சை அறிஞர் குமாரில பட்டரின் வழிவந்தோர் ஒவ்வொரு விதிவாக்கியமும் மூன்று கேள்விகளுக்கு விடை வேண்டி நிற்பதாகக் கூறினர். எதை அடைவது? எதைக் கொண்டு அடைவது? எந்த முறையில் செய்வது? சாத்தியம், சாதனம், இதிகர்த்தவ்யதை என்பவை அவற்றின் பெயர்கள். கருவிக் கையேடுகள் பெரும்பாலும் முதல் இரண்டோடு நின்றுவிடுகின்றன. செல்லில் ஏற்கெனவே மதிப்பு இருந்தால் அது அழியுமா, எழுதியதும் ஃபார்முலா கணக்கிடப்படுமா என்பவை மூன்றாவது கேள்வியைச் சேர்ந்தவை. பைத்தானின் ஓப்பன்பைஎக்ஸ்எல் நூலகம் ஃபார்முலாவைக் கோப்பில் பதியும், கணக்கிடாது. அது சொல்லப்படாவிட்டால், ஏஜென்ட் வராத விடையை வந்ததாக எடுத்துக்கொள்ளும்.

சான்றுகள் முரண்படும்போது எதற்கு முதலிடம் என்பதையும் மீமாம்சையின் மூலநூலான ஜைமினியின் சூத்திரங்கள் வரிசைப்படுத்துகின்றன. நேர்க்கூற்று, சொல்லாற்றல், வாக்கியத் தொடர்பு, சூழல், இடம், பெயர் என்ற ஆறில் முன்னது பின்னதைவிட வலியது. நேரடியாகச் சொன்னதற்கு முதலிடம், பெயருக்குக் கடைசி இடம். இது இன்றைய கையேட்டுக்கும் பொருந்தும். ‘ஃபார்முலா சரிபார்ப்பு’ என்று பெயர் கொண்ட கருவி, அடைப்புக்குறிகள் ஒழுங்காக இருக்கின்றனவா என்று மட்டும் பார்க்கக்கூடும். கணக்கு சரியா என்பதை அது பார்ப்பதில்லை என்று குறிப்பில் நேராக எழுதியிருந்தால்தான் பெயர் தரும் பொய் நம்பிக்கை நீங்கும்.

சொல்லாமல் விட்டது எவ்வளவு கெடுக்கும் என்பதற்கு, பட்டியலில் தேடி மதிப்பை எடுத்துத் தரும் வி-லுக்அப் ஃபார்முலா நல்ல எடுத்துக்காட்டு. அதன் நான்காவது விவரத்தைத் தராமல் விட்டால் எக்செல் தோராயப் பொருத்தத்தைத் தேடும். முதல் நெடுவரிசை ஏறுவரிசையில் இருப்பதாகவும் கொள்ளும். பட்டியல் கலைந்து கிடந்தால், பிழைக்குறி எதுவும் காட்டாமல் வேறொரு பொருளின் விலை வந்து உட்கார்ந்துவிடக்கூடும். பிழைக்குறி இல்லாததையே வெற்றி என்று கொள்ளும் ஏஜென்ட் அதைத் தாண்டிப் போய்விடும்.

இந்தச் சறுக்கல் மனிதருக்கும் நேர்வதுதான். பொருளியல் அறிஞர்கள் கார்மென் ரைன்ஹார்ட், கென்னத் ரோகாஃப் இருவரும் அரசுக்கடனும் வளர்ச்சியும் பற்றி 2010இல் வெளியிட்ட கட்டுரையின் விரிதாளில், சராசரி எடுத்த ஃபார்முலா ஐந்து நாடுகளை விட்டுவிட்டது. 2013இல் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அதைக் கண்டுபிடித்தனர். 49ஆம் வரிசை வரை போக வேண்டிய ஃபார்முலா 44ஆம் வரிசையோடு நின்றிருந்தது. இலக்கணப்படி அதில் குறையே இல்லை. தனக்குச் சொன்னதை எக்செல் பிசகாமல் செய்தது. எல்லா நாடுகளும் சேர வேண்டும் என்ற நோக்கம் ஃபார்முலாவுக்கு வெளியே இருந்தது.

ஆகவே முழுமையான கையேடு என்பது எட்டாத இலக்கு. ஆனால் எழுதப்படாத வழக்கம் மனிதருக்குச் செய்யும் வேலையில் ஒரு பகுதியைக் கையேடு வெளிப்படையாக ஏற்றுக்கொள்ள முடியும். சரியான பயன்பாட்டோடு தவறான பயன்பாட்டையும் எடுத்துக்காட்டலாம். எழுதிய செல்லைத் திரும்பப் படித்து, கைக்கணக்கால் விடை தெரிந்த ஒரு வரிசையோடு ஒப்பிடச் சொல்லலாம். எத்தனை வரிசைகள் கணக்கில் சேர்ந்தன என்பதைத் தெரிவிக்கச் சொல்லலாம். எந்த ஐயம் வந்தால் வேலையை நிறுத்திப் பயனரைக் கேட்க வேண்டும் என்பதையும் குறிக்கலாம். விட்கென்ஸ்டைன் சொன்ன வழக்கத்தின் இடத்தைச் சரிபார்ப்பு ஓரளவு நிரப்பும். அந்தக் கணக்கு எதற்காகப் போடப்படுகிறது என்பதைச் சொல்லும் பொறுப்பு, வேலையை ஒப்படைத்தவரிடமே இருக்கிறது.