ஓய்வு எடுத்தால் குற்றமா?



சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து கோவில் தாழ்வாரத்தில் நின்றுகொண்டிருந்தேன். நான் முன்பு பாடம் சொல்லிக்கொடுத்த ஒரு பெண் அருகில் வந்தாள். இப்போது சர்க்கார் உத்தியோகப் பரீட்சைக்கு வீட்டிலிருந்தபடியே படித்து வருகிறவள். "சார், ஊரடங்கு வந்தப்போ நான் பத்தாவது. நாள் முழுக்க வீட்டிலேதான் இருந்தேன். அத்தனை நேரம் கையிலே இருந்தும், பாதி நாள் புத்தகத்தைத் திறந்து வைச்சுக்கிட்டு சுவரைத்தான் பார்த்துக்கிட்டு இருந்தேன். ஆண்டவர் கொடுத்த நேரத்தை வீணாக்கிட்டேனே, அது பாவந்தானே சார்? இப்பவும் அப்படித்தான் ஆகுது" என்றாள்.

அவள் விளையாட்டாகக் கேட்கவில்லை. இத்தனை வருஷமாக மனச்சாட்சியில் சுமந்திருக்கிறாள். வீட்டுக்கு வந்தும் எனக்கு அது மறக்கவில்லை. காரணம், அந்தச் சுமையை ஏற்றியவர்களில் நானும் ஒருவன்.

2020-ம் வருஷம் ஊரடங்கு தொடங்கிய நாட்களில் ஒரு கதை வீட்டுக்கு வீடு சுற்றியது. 1665-ல் இங்கிலாந்தில் கொள்ளைநோய் பரவிக் கேம்பிரிட்ஜ் சர்வகலாசாலையை மூடினார்கள். நியூட்டன் என்ற வாலிபர் தன் கிராமத்து வீட்டுக்குப் போய், அங்கே ஒண்டியாயிருந்து கணிதத்திலும் ஒளியைப் பற்றியும் பூமியின் ஈர்ப்பைப் பற்றியும் பெரிய காரியங்களைக் கண்டுபிடித்தார் என்பது கதை. 'நீ என்ன செய்கிறாய்?' என்பது அதற்குள் ஒளிந்திருந்த கேள்வி. நானும் அப்போது பள்ளியில் படித்துக்கொண்டிருந்த என் பேரனைக் கூப்பிட்டு இதைச் சொன்னேன். பையன் ஒன்றும் பேசாமல் எழுந்து போய்விட்டான்.

கதை பொய்யல்ல, ஆனால் பாதிக் கதை. நியூட்டன் பட்டத்தை அதே 1665-ல் பெற்றுவிட்டார். அவரை எந்தப் பரீட்சையும் வீட்டு வாசலில் காத்திருக்கவில்லை. மணிக்கொரு பாடம் அனுப்பி, வந்தாயா வரவில்லையா என்று ஆஜர் எடுப்பாரும் இல்லை. மனம் போன வழியில் யோசித்தார். மறுபாதியை அந்தக் கதை சொல்லுகிறவர்கள் சொல்லுவதேயில்லை. 1693-ல், ஐம்பது வயதில், அதே நியூட்டன் மனம் கலங்கிப்போனார். நெடுநாள் சிநேகிதர்களுக்கே சந்தேகமும் குற்றச்சாட்டுமாகக் கடிதம் எழுதினார். பிறகு தெளிவு வந்ததும் ஜான் லாக் என்ற தத்துவ அறிஞருக்கு விளக்கம் சொல்லி எழுதினார்: முந்தின கடிதத்தை எழுதிய சமயம் இரண்டு வாரமாக இரவுக்கு ஒரு மணி நேரம்கூடத் தூங்கவில்லை, அதில் ஐந்து இரவுகள் கண்ணையே மூடவில்லை என்று. அவர் கலங்கியதற்குப் பலர் பல காரணம் சொல்வார்கள். தூக்கமின்மை மட்டும் அவரே தம் கைப்பட எழுதியது. இதையும் சேர்த்துப் பேரனுக்குச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை.

நம் பிள்ளைகளின் நிலைமையோ வேறு. பத்தாம் வகுப்புப் பரீட்சை அந்த வருஷம் மார்ச் 27-ல் தொடங்குவதாயிருந்தது. ஒத்திவைத்தார்கள். பிறகு ஜூன் 1 என்றார்கள். அதன்பின் ஜூன் 15 என்றார்கள். கடைசியில் ஜூன் 9-ம் தேதி, பரீட்சையே இல்லை, எல்லாரும் தேர்ச்சி என்று அறிவிப்பு வந்தது. கிருமிக்குப் பயந்து எடுத்த முடிவுகள். யாரையும் குறை சொல்லுவதற்கில்லை. ஆனால் பதினைந்து வயதுப் பிள்ளை இரண்டரை மாதம் 'இதோ பரீட்சை, இதோ பரீட்சை' என்று நாண் ஏற்றிய வில்லாக இருந்தது என்பதைப் பெரியவர்களாகிய நாம் எண்ணிப் பார்த்தோமா?

வில் என்றதும் அர்ச். தோமாஸ் அக்வீனாஸ் தம் நூலில் எடுத்துச் சொல்லும் ஒரு பழங்கதை ஞாபகம் வருகிறது. அப்போஸ்தலரான அர்ச். அருளப்பர் தம் சீஷர்களோடு விளையாடிக்கொண்டிருந்ததைப் பார்த்துச் சிலர் முகம் சுளித்தார்களாம். அவர்களில் வில் வைத்திருந்த ஒருவனை அம்பு எய்யச் சொன்னார். அவன் பலமுறை எய்தான். 'இப்படியே ஓயாமல் எய்வாயா?' என்று கேட்டார். 'எய்தால் வில் ஒடிந்துபோகும்' என்றான். மனமும் அப்படித்தான் என்றாராம். பரலோக காரியங்களை விடாமல் தியானித்தவருக்கே இது வேண்டியிருந்ததென்றால், முக்கோணவியல் படிக்கிற பிள்ளைக்கு வேண்டாமா!

'அப்படியானால் சோம்பலும் தலையான பாவங்கள் ஏழில் ஒன்று என்று ஞானோபதேசத்தில் படித்தோமே' என்று சிலர் கேட்கலாம். படித்தோம், அதில் சந்தேகமில்லை. ஆனால் சோம்பலும் களைப்பும் ஒன்றல்ல. சோம்பேறிக்கு வேலையில் மனமே இல்லை. விட்டதற்கு வருத்தமும் இல்லை. களைத்தவனோ மனமிருந்தும் முடியாமல் தவிக்கிறான். வருஷங்கள் கழிந்தும் கோவில் தாழ்வாரத்தில் கண் கலங்கி நிற்கிறவளைச் சோம்பேறி என்று யார் சொல்லுவது?

தனியே அடைபட்டிருப்பவனுக்கு வரும் இந்தச் சோர்வு வனவாசிகளான சந்நியாசிகளுக்கும் வந்ததுதான். நாம் ஜனவரியில் திருநாள் கொண்டாடும் வனத்து அந்தோணியாரையே அது பிடித்துக்கொண்டது. என்ன செய்வேன் ஆண்டவரே என்று மன்றாடிவிட்டு வெளியே வந்து பார்த்தபோது, தம்மைப்போலவே ஒருவர் உட்கார்ந்து கயிறு திரிப்பதையும், எழுந்து ஜெபிப்பதையும், மறுபடி உட்கார்ந்து திரிப்பதையும் கண்டார். அது ஆண்டவர் அனுப்பிய சம்மனசு. 'இப்படிச் செய், கரையேறுவாய்' என்று சொல்லிற்று என்று பழைய நூல் கூறுகிறது. இன்னும் அதிகமாகச் செய் என்று அது சொல்லவில்லை. உட்காரவும் எழுந்திருக்கவும்தான் காட்டிக்கொடுத்தது.

ஊரடங்கில் பிள்ளைகள் இழந்தது இதைத்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. பள்ளிக்கூடம் என்பது பாடம் மாத்திரமல்ல. நடந்து போவதும், இடைவேளை மணியும், மத்தியானச் சாப்பாட்டுக் கூச்சலும், நாலரை மணிக்கு 'போதும், போங்கள்' என்று அடிக்கிற கடைசி மணியும் சேர்ந்ததுதான் பள்ளிக்கூடம். வீட்டில் அந்தக் கடைசி மணி இல்லை. போனிலேயே பாடம், போனிலேயே விளையாட்டு. (போனே இல்லாத வீடுகளின் கஷ்டம் வேறு; ஒரு போனை மூன்று பிள்ளைகள் பங்கு போட்ட வீடுகளை நான் அறிவேன்.) படிப்பும் முடிவதில்லை, ஓய்வும் தொடங்குவதில்லை. போனைப் பார்த்துக்கொண்டு படுத்திருப்பதை ஓய்வு என்று நான் ஒத்துக்கொள்ளமாட்டேன். அதிலிருந்து எழுந்த எந்தப் பிள்ளையும் தெளிந்த முகத்தோடு எழுந்ததை நான் பார்த்ததில்லை.

எங்கள் வீட்டில் அப்போது நடந்த ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். தினம் மாலை ஐந்தரைக்கு என் மனைவி பேரனிடம், "போதும்டா, எழுந்து வந்து செடிக்குத் தண்ணி ஊத்து" என்பாள். மல்லிகையும் இரண்டு முருங்கையும்தான். அதற்கு அரை மணி. பிறகு ஜெபமாலை, சாப்பாடு, ஒன்பதரைக்குப் படுக்கை. "படிக்கிற பையனைக் கெடுக்கிறாய்" என்று நான் சத்தம் போட்டேன். அவள் வாளியை அவன் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போய்விடுவாள். பேரனை விட்டுப்போன அந்த நாலரை மணியைத்தான் அவள் அடித்துக்கொண்டிருந்தாள் என்பது, போன மாதம் அந்தப் பெண் கேட்ட பிறகுதான் எனக்கு விளங்கிற்று.

அந்தப் பெண்ணிடம், "அது பாவமில்லை அம்மா. களைப்பு. இப்போது படிக்கிறதுக்கு தினம் ஒரு முடிவு நேரம் வைத்திருக்கிறாயா?" என்று கேட்டேன். இல்லை என்று தலையை ஆட்டினாள். அடுத்த ஞாயிறு அவளுடைய தாயாரையும் அழைத்துக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வரச் சொல்லியிருக்கிறேன். என் மனைவி பேசுவாள்.